வீடியோ என்கோடிங் இழுக்கிறதா? கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் ஒரு நிமிடம்

வீட்டுக் கம்ப்யூட்டரில் வீடியோவை என்கோட் செய்கிற, அதாவது சுருக்கி வேறு வடிவத்தில் மாற்றி எழுதுகிற யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான். ஒரு மணி நேர வீடியோவைப் போட்டால் மூன்று மணி நேரம் ஓடுகிறது, ஃபேன் சத்தத்தில் பக்கத்தில் உட்கார முடியவில்லை, ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையிலும் முடிந்தபாடில்லை. இந்தப் புலம்பலுக்கு அடுத்த வரி பெரும்பாலும் "எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" என்பதாக இருக்கும். நான் பதிலுக்கு ஒன்றைத்தான் கேட்பேன், எதுக்காக என்கோட் பண்றீங்க? கேட்டவர்களில் நிறையப் பேருக்கு அந்த வேலையே தேவைப்படவில்லை.

அண்ணன் மகன் ஒருவன் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறான். போன வாரம் போன். "சித்தப்பா, டிவில போட்டா படம் வருது, சத்தம் மட்டும் வரல. அதான் முழுசையும் ஹேண்ட்பிரேக்ல போட்டு மாத்திக்கிட்டிருக்கேன், இன்னும் நாலு மணி நேரம் காட்டுது." ஹேண்ட்பிரேக் என்பது வீடியோவை என்கோட் செய்யும் மென்பொருள். படம் வருகிறது என்றால் படத்தில் கோளாறு ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்? ஃபைலைத் திறந்து பார்த்தால் ஒலி டிடிஎஸ் என்ற வகையில் இருந்தது. நிறைய டிவிக்களில் டிடிஎஸ் ஓடாது. மாற்ற வேண்டியது ஒலியை மட்டும். கட்டளை அடித்து ஓட்டும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் வீடியோவுக்கு காப்பி (அப்படியே விடு), ஆடியோவுக்கு ஏஏசி (டிவிக்குப் பழக்கமான ஒலி வகை) என்று கொடுத்தோம், நாலு மணி நேர வேலை சில நிமிடங்களில் முடிந்தது. படத்தின் தரத்தில் ஒரு துளி குறையவில்லை, ஏனென்றால் படத்தை யாரும் தொடவே இல்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி நேரம் மிச்சம். எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி என்பவை வெறும் டப்பாக்கள். உள்ளே இருக்கும் படத்தைச் சுருக்கிய முறை எச்.264 ஆக இருக்கலாம், எச்.265 ஆக இருக்கலாம், பழைய டிவிடியிலிருந்து வந்த எம்பெக்-2 ஆகவும் இருக்கலாம். டப்பாவை மட்டும் மாற்றுவதற்குப் பெயர் ரீமக்ஸ். ஃபைலை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு காப்பி செய்ய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவுதான் அதற்கும் ஆகும். எம்கேவியை எம்பி4 ஆக்க வேண்டும் என்று மணிக்கணக்கில் என்கோட் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதற்கு ஒரு காரணம் ஹேண்ட்பிரேக்கின் பிரபலம். அருமையான மென்பொருள்தான், இலவசம்தான், ஆனால் வீடியோவை அப்படியே விட்டுவிட்டு டப்பாவை மட்டும் மாற்றும் வசதி அதில் கிடையாது. எதைக் கொடுத்தாலும் முதலிலிருந்து என்கோட் செய்யும். கட்டளை அடிக்கப் பயமாக இருப்பவர்கள் லாஸ்லெஸ்கட் வைத்துக்கொள்ளலாம், எம்கேவி ஆக்க மட்டும் என்றால் எம்கேவி டூல்நிக்ஸ் போதும். இரண்டும் இலவசம், மவுஸிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

இந்த வகையில் அடங்கும் வேலைகள் இன்னும் இருக்கின்றன. கேம்கார்டர், ஆக்‌ஷன் கேமரா போன்றவை நீளமான ஒரு பதிவைத் துண்டு துண்டாக எழுதும், பழைய மெமரி கார்டுகளின் ஃபேட்32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாட்டிலிருந்து வந்த பழக்கம் அது. அந்தத் துண்டுகள் ஒரே கேமராவில் ஒரே செட்டிங்கில் எடுத்தவை என்பதால் என்கோட் செய்யாமலே ஒட்டலாம். போனைச் சாய்த்துப் பிடித்து எடுத்த வீடியோ படுத்துக்கொண்டு தெரிகிறதா, ஃபைலில் இருக்கும் சுழற்சிக் குறிப்பை மாற்றினால் போதும். சப்டைட்டில் சேர்க்க வேண்டுமா, படத்தின் மேலேயே பதிக்காமல் தனி டிராக்காக உள்ளே வையுங்கள். முன்னாலும் பின்னாலும் வெட்டுவதும் அப்படித்தான், ஒரே நிபந்தனை, வெட்டு கீஃப்ரேமில் (மற்ற படங்களைச் சாராமல் முழுதாக எழுதப்பட்ட படம்) விழ வேண்டும். அதாவது நீங்கள் நினைத்த இடத்துக்கு ஒன்றிரண்டு விநாடி முன்னதாக வெட்டு விழலாம். வீட்டு வீடியோவுக்கு அது ஒரு குறையா?

பழைய கேசட்டுகளை டிஜிட்டல் ஆக்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மினிடிவி கேசட்டிலிருந்து ஃபயர்வயர் கேபிள் வழியாக எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி வரும். பார்த்தவுடன் எல்லாரும் பதறிப்போய் அதை 1 ஜிபி ஆக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். 1 டிபி டிஸ்க் ஒன்றில் அப்படியே 75 மணி நேரத்துக்கும் மேல் போகும். ஒரு குடும்பத்தில் அவ்வளவு கேசட் இருக்கிறதா என்ன? இன்னும் ஒரு டிஸ்க் வாங்கி அதிலும் ஒரு பிரதி வைத்துவிட்டு, உறவினர்களுக்கு அனுப்ப வேண்டியதை மட்டும் சின்னதாக்குங்கள். கல்யாண டிவிடியும் இதே கதைதான். ஒரு டிஸ்க்குக்கு அதிகபட்சம் 4.7 ஜிபி, இரட்டை அடுக்கு என்றால் 8.5. உள்ளே படம் இருக்கும் விஓபி ஃபைல்களைச் சேர்த்து ஒரே எம்கேவியாக ரீமக்ஸ் செய்தால் டிவிடி டிரைவ் படிக்கிற நேரம்தான் செலவு. அந்த டிவிடியே ஏற்கெனவே நன்றாக நசுக்கப்பட்ட படம், அதை மறுபடியும் நசுக்கி என்ன கண்டோம்.

சரி, உண்மையிலேயே என்கோட் செய்யத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 4கே வீடியோ 1080பி ஆக வேண்டும், அல்லது எடிட் முடித்த டைம்லைன் வெளியே வர வேண்டும். அப்போது கம்ப்யூட்டர் உள்ளே என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் எந்தப் பட்டனைத் தொடுவது என்பது தானாகப் புரிந்துவிடும்.

எச்.264 ஒரு படத்தை 16-க்கு 16 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கும். 1080பி என்றால் குறுக்கே 120 கட்டம், நெடுக்கே 68, மொத்தம் 8160. விநாடிக்கு 25 படம் என்றால் விநாடிக்கு 2 லட்சத்து 4 ஆயிரம் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் என்கோடர் தேடுகிறது, இதே மாதிரி ஒரு துண்டு முந்தைய படத்தில் எங்கேயாவது இருக்கிறதா, கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்திருக்கிறதா, அரை பிக்சல், கால் பிக்சல் நகர்ந்திருக்கிறதா, கட்டத்தை இன்னும் சின்னதாக உடைத்துத் தேடினால் நன்றாகப் பொருந்துமா என்று. பொருந்தியது கிடைத்தால் "அங்கிருந்து எடுத்துக்கொள்" என்று ஒரு வரியில் குறித்துவிடலாம், ஃபைல் சின்னதாகும். நேரத்தில் பெரும்பங்கு இந்தத் தேடலில்தான் போகிறது. பிரீசெட் என்று நீங்கள் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு விடாப்பிடியாகத் தேட வேண்டும் என்ற உத்தரவு. எச்.264 எழுதும் எக்ஸ்264 என்கோடரில் வெரிஃபாஸ்ட் என்றால் ஒரே ஒரு முந்தைய படத்தில் மட்டும் தேடும், மீடியம் என்றால் மூன்றில், வெரிஸ்லோ என்றால் பதினாறில்.

இதற்குக் கிடைக்கும் பலன்தான் ஏமாற்றம். மீடியத்திலிருந்து ஸ்லோவுக்குப் போனால் நேரம் ஏறத்தாழ 40 சதவீதம் கூடும், ஸ்லோவர் என்றால் இரண்டு மடங்கு, வெரிஸ்லோ என்றால் மூன்று மடங்கை நெருங்கும். ஸ்லோவருக்கும் வெரிஸ்லோவுக்கும் உள்ள வித்தியாசத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது, அதற்கு பிளாசிபோ என்று எழுதியவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். அதாவது சர்க்கரை மாத்திரை. அதையும் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுகிற ஆட்கள் உண்டு, "ஸ்லோனா குவாலிட்டி" என்ற நம்பிக்கையில்.

உண்மையில் தரத்தைத் தீர்மானிப்பது சிஆர்எஃப் என்ற எண். எக்ஸ்264-இல் அது தானாக 23-இல் இருக்கும், எண் குறையக் குறையத் தரமும் ஃபைல் அளவும் ஏறும், 18-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மூலத்துக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்வது பெரும்பாலானவர்களால் முடியாது. ஆறு படி இறங்கினால் அளவு தோராயமாக இரண்டு மடங்கு. ஆகவே வேகம் வேண்டும், தரமும் வேண்டும் என்றால் வழி எளிது. பிரீசெட்டை வெரிஃபாஸ்ட்டுக்குக் கொண்டு வாருங்கள், சிஆர்எஃப் எண்ணை ஒன்றிரண்டு குறையுங்கள். ஃபைல் கொஞ்சம் பெருக்கும், பெருக்கட்டும், டிஸ்க் விலை உங்கள் ராத்திரித் தூக்கத்தைவிடக் குறைவு. அல்ட்ராஃபாஸ்ட் மட்டும் வேண்டாம், அது முக்கியமான பல வசதிகளை ஒரேயடியாக அணைத்துவிடும், ஃபைல் ஊதிப்போகும். டூ-பாஸ், அதாவது படத்தை இரண்டு முறை ஓட்டி என்கோட் செய்வது, இன்னொரு நேர விழுங்கி. "சரியாக 700 எம்பிக்குள் அடங்க வேண்டும்" மாதிரி ஒரு அளவுக் கட்டாயம் இருந்தால்தான் அது தேவை, சிடிக்கள் இருந்த காலத்துத் தேவை. சிஆர்எஃப் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும்.

எச்.265 பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2013-இல் வந்த முறை, அதே தரத்துக்குச் சின்ன ஃபைல் தரும் என்பது சரிதான், ஆனால் கட்டங்கள் 64-க்கு 64 வரை போகும், அதை உடைக்கும் வழிகள் பல, தேடல் பல மடங்கு. ப்ராசசரை மட்டும் நம்பி எக்ஸ்265-இல் ஓட்டினால் எக்ஸ்264-ஐவிடப் பல மடங்கு நேரம் ஆகும். ஏவி1 என்ற இன்னும் புதிய முறைக்கு லிபஏஓஎம் என்ற என்கோடரை வீட்டு லேப்டாப்பில் ஓட்டுவது தவம் மாதிரியான விஷயம், எஸ்விடி-ஏவி1 வந்த பிறகு நிலைமை எவ்வளவோ தேவலை, அதில் பிரீசெட் எண் கூடக்கூட வேகம், 8 அல்லது 10-இல் வைத்தால் சாதாரண மெஷினிலும் தாங்கும். ஆனாலும் முதலில் கேட்ட கேள்விக்கே வருகிறேன், எதற்காக? யூடியூபில் ஏற்றத்தான் என்றால் நீங்கள் எதைக் கொடுத்தாலும் அவர்கள் அதை மறுபடி என்கோட் செய்யத்தான் போகிறார்கள். உங்கள் வெரிஸ்லோவில் பொறுக்கி எடுத்த நுணுக்கம் எல்லாம் அங்கே கரைந்துவிடும். 1080பி-க்கு விநாடிக்கு 30 படம் வரை அவர்கள் பரிந்துரைப்பது 8 எம்பிபிஎஸ் பிட்ரேட் (விநாடிக்கு 8 மெகாபிட் தகவல்), 60 படத்துக்கு 12. அதற்கு மேலே தாராளமாக வைத்து வேகமான பிரீசெட்டில் அடித்து ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பும் அப்படித்தான், வீடியோவாக அனுப்பினால் அது தன் இஷ்டத்துக்கு நசுக்கும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

அப்புறம், உங்கள் மெஷினில் நேரம் எங்கே போகிறது என்று அளந்து பாருங்கள். எஃப்எஃப்எம்பெக் ஓடும்போது கடைசி வரியில் ஃப்ரேம், எஃப்பிஎஸ், சைஸ், டைம், பிட்ரேட் என்று எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும், அவற்றோடு ஸ்பீட் என்றும் ஒன்று வரும். நான் பார்ப்பது அதை மட்டும்தான். ஸ்பீட் 0.5 என்றால் ஒரு மணி நேரப் படத்துக்கு இரண்டு மணி நேரம், 2 என்றால் அரை மணி. முழுப் படத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை, நடுவிலிருந்து ஆட்டமும் கூட்டமும் உள்ள ஒரு இரண்டு நிமிடத்தை எடுத்து ஓட்டினாலே தெரிந்துவிடும். தலைப்பு எழுத்து வரும் முதல் இரண்டு நிமிடத்தை எடுக்காதீர்கள், கருப்புத் திரை பறக்கும், பொய்யான எண் வரும்.

அந்த இரண்டு நிமிடத்தையே மூன்று விதமாக ஓட்டலாம். முதலில் வெளியீட்டை நல் (null, எங்கும் எழுதாதே) என்று கொடுத்து, என்கோட் எதுவும் இல்லாமல், படத்தைப் பிரித்துப் படிப்பதற்கு மட்டும் எவ்வளவு வேகம் என்று பாருங்கள். அடுத்து இரைச்சல் நீக்கம் மாதிரியான ஃபில்டர்களைச் சேர்த்து, கடைசியில் என்கோடரையும் சேர்த்து. எந்த இடத்தில் ஸ்பீட் தடாலென்று விழுகிறதோ அங்கேதான் குற்றவாளி. படிப்பதே மெதுவாக இருந்தால் என்கோடர் பிரீசெட்டை எவ்வளவு திருகினாலும் ஒன்றும் நடக்காது. இப்போது போன்களில் எச்.265, அதுவும் 10-பிட், கேமராக்களில் 4:2:2 என்று நிறத்தை இன்னும் நுணுக்கமாக எழுதும் வகைகள் வருகின்றன. 2020 வாக்கில் வந்த சோனி, கேனான் கேமராக்களில் எடுத்த 10-பிட் 4:2:2 எச்.265 ஃபைல்களை ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய என்விடியா கார்டுகளால் தாங்களாகப் பிரிக்க முடியாது. எல்லாச் சுமையும் ப்ராசசர் தலையில். கார்டு எவ்வளவு விலை உயர்ந்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இன்டெலின் 12-ஆம் தலைமுறை ப்ராசசர்களில் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் அதைச் சுலபமாகப் படிக்கும். எடிட்டிங் செய்கிறவர்கள் கார்டுக்குப் பணம் கொட்டுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இல்லையென்றால் ப்ராக்ஸி ஃபைல்கள் (எடிட்டுக்கு மட்டுமான இலகுவான பிரதிகள்) உருவாக்கி எடிட் செய்யுங்கள், அதைப் பெரும்பாலான எடிட்டிங் மென்பொருள்கள் செய்யும்.

ஃபில்டரில் முதல் குற்றவாளி இரைச்சல் நீக்கம். ஹேண்ட்பிரேக்கில் என்எல்மீன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. வேலை நன்றாகச் செய்யும், ஆனால் அதைப் போட்டுவிட்டு "எக்ஸ்264 ஸ்லோவா இருக்கு" என்று சொல்வது அநியாயம், நேரத்தைத் தின்பது அதுதான். பழைய விஎச்எஸ் மாதிரி மணல் மணலாகத் தெரியும் படத்துக்கு ஹெச்க்யூடிஎன்3டி என்ற லேசான ஃபில்டர் போதும், செலவு ரொம்பக் குறைவு. டீஇன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒன்று வரிகளாகப் பதிந்த படத்தை முழுப் படமாக்குவது) தேவையா என்பதையும் பாருங்கள். பழைய கேசட், டிவிடிக்குத் தேவை, கை அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும். போன் வீடியோவுக்கு அது தேவையே இல்லை, ஆனால் போன முறை செட்டிங்கிலேயே டிக் விழுந்து கிடக்கும். அதிலேயே பாப் முறை என்றால் 25 படம் 50 படம் ஆகிவிடும், என்கோடருக்கு இரண்டு மடங்கு வேலை. அசைவு வழவழப்பாக இருக்கும் என்பதால் கேசட்டுகளுக்கு நான் அதைப் பயன்படுத்துவதுண்டு, தெரிந்தே.

டாஸ்க் மேனேஜரில் ப்ராசசர் 100 சதவீதத்தில் நின்றால் என்கோடர் ஒழுங்காக உழைக்கிறது என்று அர்த்தம். 30, 40-இலேயே நொண்டினால் ஏதோ ஒன்று அதைக் காக்க வைக்கிறது. ஒரே த்ரெட்டில் (ப்ராசசர் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசைகளில் ஒன்று) ஓடும் ஃபில்டராக இருக்கலாம், சின்ன அளவு வீடியோவாக இருக்கலாம். டிவிடி அளவுப் படத்தைப் பன்னிரண்டு த்ரெட் உள்ள ப்ராசசரிடம் கொடுத்தால் அத்தனைக்கும் பங்கு போட்டுத் தர வேலை இருக்காது. அப்போது இரண்டு, மூன்று ஃபைல்களை ஒரே நேரத்தில் ஓட விடுங்கள், ஒவ்வொன்றின் வேகம் குறைந்தாலும் மொத்த வேலை சீக்கிரம் முடியும். ஹேண்ட்பிரேக்கின் புதிய பதிப்புகளில் ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்று செட்டிங்கிலேயே வைக்கலாம். ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டி ஆக்கினால் என்கோடிங் வேகமாகும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். மினிடிவிகூட விநாடிக்கு 4 எம்பிக்குள்தான் கேட்கும், சாதாரண ஹார்டு டிஸ்க் விநாடிக்கு நூறு எம்பி வரை கொடுக்கும். எஸ்எஸ்டி மற்ற எல்லாவற்றுக்கும் நல்லது, இதற்கு இல்லை.

இனி ஹார்டுவேர் என்கோடர். இன்டெலின் குயிக் சிங்க் 2011-இல் சாண்டி பிரிட்ஜ் ப்ராசசர்களோடு வந்தது, என்விடியாவின் என்வென்க் 2012-இல். இரண்டும் அதற்கென்றே சிலிக்கானில் தனியாகச் செதுக்கிய பகுதிகள், கேம் ஓட்டும் பகுதிக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ரெடிமேட் சட்டை மாதிரி, தையல்காரர் அளவெடுத்துத் தைப்பதுபோல ஒவ்வொரு கட்டத்தையும் யோசிக்காது, வைத்திருக்கும் சில அளவுகளில் மாட்டிவிடும், அதனால்தான் அந்த வேகம். அதே பிட்ரேட்டில் எக்ஸ்264 ஸ்லோவைவிடத் தரம் கொஞ்சம் குறைவாக இருக்கும், பிட்ரேட்டைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. குறிப்பாக டூரிங் என்ற என்விடியா கார்டுத் தலைமுறையின் என்வென்க் வந்த பிறகு யூடியூபுக்கும் உறவினர்களுக்கு அனுப்பவும் நான் தயங்காமல் இதைத்தான் பயன்படுத்துகிறேன். எக்ஸ்264-இன் சிஆர்எஃப் 23-ம் என்வென்க்கின் தர எண்ணான சிக்யூ 23-ம் ஒன்று இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், எண் ஒன்றாக இருக்கிறதே என்று ஒப்பிடக்கூடாது, இரண்டு நிமிடத் துண்டைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

நிறையப் பேரிடம் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது, தெரியாது. எட்டாம் தலைமுறை ஐ5 போட்ட பழைய ஆபீஸ் லேப்டாப்பில்கூட குயிக் சிங்க் இருக்கிறது, எச்.265 10-பிட் வரை எழுதும். ஹேண்ட்பிரேக்கில் வீடியோ என்கோடர் பட்டியலை இறக்கிப் பார்த்தால் கியூஎஸ்வி (குயிக் சிங்க்) என்றோ என்வென்க் என்றோ தனி வரிகள் தெரியும். தெரியாவிட்டால் டிரைவர் பழசாக இருக்கலாம், அல்லது உங்கள் ப்ராசசர் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருக்கலாம். 12400எஃப் மாதிரி எஃப் ரகங்களில் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, ஆகவே குயிக் சிங்க்கும் கிடையாது. கொஞ்சம் பணம் மிச்சம் என்று அசெம்பிள் செய்யும் இடங்களில் இதைத்தான் கையில் திணிக்கிறார்கள், வீடியோ வேலை செய்கிறவர்கள் எஃப் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். கார்டுகளிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. ஜிடிஎக்ஸ் 1650 முதலில் வந்தபோது அதில் இருந்தது முந்தைய தலைமுறை என்வென்க், 1650 சூப்பரில் இருந்ததுதான் டூரிங். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் விலையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஏவி1 எழுத வேண்டும் என்றால் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை, இன்டெல் ஆர்க், ஏஎம்டி ஆர்எக்ஸ் 7000 வரிசை, அல்லது அவற்றுக்குப் பின் வந்தவை.

"கார்டு போட்டும் ஜிபியு 5 சதவீதம்தான் காட்டுது, வேலையே செய்யல" என்று இன்னொரு புகார் வரும். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் நாலு சின்னக் கட்டங்கள் இருக்கும், முதலாவதன் பெயர் 3டி. அது கேமுக்கான பகுதி, அது சும்மா இருக்கத்தான் செய்யும். கட்டத்தின் தலைப்பைச் சொடுக்கி வீடியோ என்கோட் என்று மாற்றுங்கள், மேலே ஏறி நிற்பது தெரியும். அது நிரம்பாமல் இருந்தால் பிரச்சினை மறுபடியும் படிக்கிற பக்கத்திலோ ஃபில்டர் பக்கத்திலோதான், கார்டில் இல்லை.

சூட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் லேப்டாப் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஐ5-8250யு மாதிரி ஒரு ப்ராசசர் 3.4 கிகாஹெர்ட்ஸ் என்று விளம்பரத்தில் இருக்கும், என்கோட் ஆரம்பித்ததும் டாஸ்க் மேனேஜரில் நன்றாக ஏறும், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். அது கோளாறு இல்லை, தொடர்ந்து 15 வாட்டுக்குள் ஓட வேண்டும் என்று அமைத்ததே அப்படி. ஆனால் அதன் அடிப்படை வேகமான 1.6-க்கும் கீழே போனால்தான் சிக்கல், அப்போது அது சூட்டில் மூச்சு வாங்குகிறது. ஃபேனில் தூசி அடைத்திருக்கும், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது மெத்தை மேல் வைத்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். மே மாதத்தில் மதியம் ஓட்டுவதைவிட விடியற்காலையில் ஓட்டினால் அதே லேப்டாப் சீக்கிரம் முடிக்கும், கதை இல்லை, காற்றே 38 டிகிரியில் இருந்தால் ஃபேன் எதை வைத்துக் குளிர்விக்கும்? சார்ஜரைச் செருகியிருக்கிறீர்களா, பவர் மோடு பெஸ்ட் பெர்ஃபாமன்ஸில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ராத்திரி ஓட விடுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று, கரண்ட் போனால் என்ன ஆகும்? எம்பி4 ஃபைலில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். 95 சதவீதத்தில் கரண்ட் போனாலும் அந்த அட்டவணை இல்லாததால் ஃபைல் திறக்காது, அத்தனை மணி நேரமும் போச்சு. எம்கேவி அப்படி இல்லை, எழுதிய வரைக்கும் ஓடும், நின்ற இடத்திலிருந்து மிச்சத்தைத் தனியாக என்கோட் செய்து பின்னால் ஒட்டிக்கொள்ளலாம். ஆகவே நீளமான வேலை எதுவாக இருந்தாலும் வெளியீட்டை எம்கேவியாக வையுங்கள், எம்பி4 தான் வேண்டும் என்றால் காலையில் ரீமக்ஸ் செய்துகொள்ளுங்கள், காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.